என்ன சொல்லிக் கத்துவது

குழி இடுப்பளவுதான் இருந்தது. அதைத் தோண்டினவன் தேசிங்குதான் என்பதால் திட்டுவதற்கு வேறு ஆளும் இல்லை. விடிந்ததிலிருந்து கடலில் நின்ற கப்பல்கள் மேட்டைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு குண்டும் புது வேட்டியை நீளமாகக் கிழிக்கிற சத்தத்தோடு தலைக்கு மேலே போய் எங்கோ விழுந்தது, விழுந்த பிறகு ஈர மண்ணும் சர்க்கரைவள்ளிக் கொடியும் வானத்திலிருந்து கொட்டின, கொட்டும்போதெல்லாம் தேசிங்கு தலையை முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு, இன்னும் ரெண்டடி, ரெண்டே அடி தோண்டியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். தோண்டத் தெரியாதவன் இல்லை. பெங்களூரில் பழக்கி அனுப்புகிற சாப்பர் பட்டாளத்தில் லான்ஸ் நாயக். பாலம் கட்டுவதும் பள்ளம் தோண்டுவதும்தான் உத்தியோகம். சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் கையைத் தூக்கினபோது கூடவே தானும் தூக்கி, ஜப்பான்காரனிடம் கைதியாகி, கப்பலின் அடித்தளத்தில் மூட்டையோடு மூட்டையாக இந்த நியூகினித் தீவுக்கு வந்து சேர்ந்து, மூன்று வருஷமாக எதிரிக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். எதிரிக்குத் தோண்டுகிற பள்ளத்தை முழுசாகத் தோண்டுவதில்லை என்று மனசுக்குள் ஒரு சபதம். வெளியே தெரியாத சபதம், அதனால் யாரும் மெச்சியதில்லை. இந்தக் குழியைத் தோண்டும்போது காவலுக்கு நின்ற ஹொசோயா இன்னும் ஆழம் என்று கையால் காட்டினான்; தேசிங்கு மண்வெட்டியால் மண்ணில் ஒரு தட்டுத் தட்டி, பாறை என்றான். ஹொசோயா குனிந்து பார்த்தான், பாறை என்று தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்தான், தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். யுத்தத்தில் நம்முடைய பங்கைச் செய்தாயிற்று என்று அன்றைக்கெல்லாம் தேசிங்குவுக்கு ஒரே பூரிப்பு. இப்போது அந்தப் பங்குக்குள்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், நிமிர்ந்தால் உச்சந்தலை வெளியே தெரியும்படி.

ஹொசோயா குளிர் காய்ச்சலில் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தான். குழியின் சுவரில் அவன் முதுகு உரசி உரசி மண் உதிர்ந்தது. மற்ற ஜப்பான்காரர்கள் மற்ற கைதிகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு முந்தின நாளே மலைக்குள் போய்விட்டார்கள். கிழங்கைத் தோண்டி மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் வாருங்கள் என்று இவர்களை மட்டும் விட்டு, ஹொசோயாவின் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்திரேலியாக்காரன் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் உத்தரவு இருந்தது. ஹொசோயா நேர்மையான மனுஷன், உத்தரவை மறைக்கவில்லை. இடுப்பில் தொங்கிய கைக்குண்டைத் தொட்டுக் காட்டினான், தேசிங்குவைச் சுட்டினான், அப்புறம் தன் மார்பைச் சுட்டினான், நீ முன்னாடி நான் பின்னாடி என்று, பஸ்ஸில் ஏறச் சொல்வது மாதிரி மரியாதையாக. தேசிங்குவும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டான். அப்புறம்தான் உறைத்தது, இருப்பது ஒரே குண்டு, ஒரே குண்டில் முன்னாடி ஏது பின்னாடி ஏது, வெடித்தால் ரெண்டு பேரும் சேர்ந்துதானே போக வேண்டும், ஒருவேளை தன்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு வீசுவானோ, வீசினால் அவனுக்கு எது மிஞ்சும், இதைக் கேட்கலாமா கூடாதா, கேட்டால் வேறு வழி யோசிக்க ஆரம்பித்துவிடுவானோ. கேட்காமல் விட்டான். அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி அங்கேயே இருந்தது.

ஆனால் கைக்குண்டையும் தாண்டி அவனை அரித்துக்கொண்டிருந்தது வேறு. கப்பல் சுடுவது எப்படியும் நிற்கும். நின்றால் ஆஸ்திரேலியாக்காரன் மேட்டில் ஏறி வருவான். வருகிறவன் குழிக்குள் எட்டிப் பார்ப்பான். பார்த்தவன் விரலை அழுத்துவதற்குள் தேசிங்கு ஏதாவது சொல்லியாக வேண்டும், அதுவும் இங்கிலீஷில். என்ன சொல்லிக் கத்துவது? இங்கிலீஷ் படித்த அவில்தார் அருளப்பன் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார்: வீ ஆர் பிரிட்டிஷ் இண்டியன் பிரிசனர்ஸ் ஆஃப் வார். கிழங்கு தோண்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து அது வாயில் ஓடத்தான் செய்தது, ஆனால் வீ என்றால் நாங்கள் என்று அர்த்தம், நாங்கள் என்றால் இன்னொருத்தன் எங்கே என்று அவன் கேட்பான், இன்னொருத்தன் என்று ஹொசோயாவையா காட்டுவது? ஒரே ஆளாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று அவில்தாரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் இப்போது மலைக்குள். சின்னதாக டோண்ட் ஷூட் என்றால் போதாதா? போதும், ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு குண்டு வெடித்து டோண்ட் காணாமல் போனால் ஷூட் மட்டும்தான் மிஞ்சும், கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். பிரெண்ட் என்று சொல்லலாம். பெங்களூரில் பாராக்காரன் நில் யாரங்கே என்றால் பிரெண்ட் என்றுதான் சொல்ல வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரெண்ட் என்றதும் அடுத்த கேள்வி அன்றைய சங்கேதச் சொல். தேசிங்குவுக்குத் தெரிந்த கடைசிச் சங்கேதச் சொல் சிங்கப்பூர் விழுந்த அன்றைக்கு உள்ளது, மூன்று வருஷம் பழசு. மனசுக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ் யூ வேர். பரேடில் அவில்தார் தப்பாக உத்தரவு கொடுத்துவிட்டால் ஆஸ் யூ வேர் என்பார், எல்லாரும் பழையபடி நின்றுகொள்வார்கள், நடந்தது நடக்காததாகிவிடும். துப்பாக்கியைத் தூக்கினவனைப் பார்த்து அதைச் சொன்னால் இறக்கிவிட மாட்டானா? ஆனால் அதை லான்ஸ் நாயக் சொல்லலாமா, வருகிறவன் சுபேதாராக இருந்தால்? இதையெல்லாம்விடப் பெரிய பயம், எந்த இங்கிலீஷும் வராமல் வாயிலிருந்து ஜப்பான் பாஷையில் ஆமாம் ஐயா என்கிற ஹை வந்துவிடும் என்பது. மூன்று வருஷமாக யார் பெயரைக் கூப்பிட்டாலும், கையைத் தொடையோடு ஒட்டிவைத்து ஹை. தூக்கத்தில் ஹை. ஒருநாள் கனவில் பெண்டாட்டி கன்னியம்மா சாப்பிட வா என்று கூப்பிட்டதற்கும் ஹை.

கன்னியம்மா இருந்தால் சிரிப்பாள். உனுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா என்று கேட்டவள் அவள்தான். கேட்ட கேள்விக்கு நாக்கு எழும்ப அவனுக்கு நேரமாகும், பிறவியிலிருந்தே அப்படி. கல்யாணமாகி மூன்றே மாசத்தில் லீவு முடிந்து கிளம்பும்போது போளூர் ஸ்டேஷனில் அவள் ஏதாவது சொல்லுவான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இவன் யோசித்துக்கொண்டே நின்றான், வண்டி கிளம்பிவிட்டது, சொல்ல வேண்டியது, அதுவும் அழகாக, வார்த்தைக்கு வார்த்தை சரியாக, ஜோலார்பேட்டையில் வண்டி நின்றபோது நாக்கில் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரியிடம் அதைச் சொல்லவா முடியும். குண்டு ஒன்று கிட்டத்தில் விழுந்தது. காது அடைத்து, திறந்தது. வாய் நிறைய மண், துப்பினான், மண்ணில் கிழங்கின் இனிப்பு இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைப் பார்த்தால் கையும் ஹொசோயாவின் கையும் ஒரே நிறம், ஒரே சேறு, தலையில் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஜப்பான் தொப்பி. வருகிறவன் எதை வைத்து இவன் ஜப்பான்காரன், இவன் போளூர்க்காரன் என்று பிரிப்பான்? தொப்பியைக் கழற்றித் தூக்கி எறிந்தான். ஈரக் கிழங்கு இலையைப் பறித்து முகத்தைத் தேய்த்தான், தன் கறுப்பு பளிச்சென்று தெரிய வேண்டுமே என்று. பெண் பார்க்கப் போன அன்றைக்கு இதே மூஞ்சியில் அம்மா ஒரு டப்பா பவுடரை அப்பியிருந்தாள், வேர்வையில் அது கோடு கோடாக வழிய, கன்னியம்மா வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றைக்குக் கறுப்பை மறைக்க என்ன பாடு, இன்றைக்கு அதைத் தோண்டி எடுக்க என்ன பாடு.

அவன் முகம் தேய்த்துக்கொண்டிருந்தபோதே ஹொசோயா எழுந்து நின்றான். சும்மா எழுந்திருக்கவில்லை, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றான். காய்ச்சல் அவனைக் காலை அணிவகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது. தினமும் காலையில் அவர்கள் சக்கரவர்த்தி இருக்கிற திசையைப் பார்த்துக் குனிந்து கும்பிடுவார்கள், அதற்காக நிற்கிறான், குழிக்கு வெளியே இடுப்புக்கு மேல் முழுசாக, குண்டு பறக்கிற நேரத்தில். தேசிங்கு அவன் காலைப் பிடித்து இழுத்தான். நகரவில்லை. ஜப்பானில் உட்கார் என்றால் என்ன வார்த்தை என்று தேடினான், கிடைக்கவில்லை. எழும்பி அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். ஹொசோயா உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்து தேசிங்குவை, யார் இவன் என்பது போலப் பார்த்தான். அப்போதுதான் தேசிங்குவுக்கு என்ன நடந்தது என்றே தெரிந்தது. இந்த அறையை மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தான். ஜப்பான் பட்டாளத்தில் அறை என்பது மேலிருந்து கீழே இறங்குகிற சமாசாரம். காப்டன் சார்ஜெண்டை அறைவான், சார்ஜெண்ட் ஹொசோயாவை அறைவான், ஹொசோயா தேசிங்குவை அறைவான், தேசிங்குவுக்குக் கீழே கொசுதான். ஒருநாள் இந்த ஏணியில் ஒரு படியாவது மேலே ஏறி அறைய வேண்டும், அறைந்துவிட்டு நின்று நிதானமாக அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் படுத்துக்கொண்டு திட்டம் போட்டிருப்பான். கடைசியில் அது இப்படி அவசரத்தில், ருசியே தெரியாமல் செலவாகிவிட்டது. கை வலித்ததுதான் மிச்சம். அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, ஏனென்றால் ஹொசோயா இடுப்பிலிருந்து கைக்குண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அறைந்ததற்கா, உத்தரவுக்கா, இல்லை காய்ச்சலா என்று தெரியவில்லை. குண்டின் ஊசியை உருவினால் மட்டும் போதாது, கெட்டியான எதன்மீதாவது ஓங்கி இடித்தால்தான் அது உயிர் பெறும். அது தேசிங்குவுக்குத் தெரியும், மூன்று வருஷமாக அவற்றைச் சுமந்தவன். வழக்கமாக இரும்புத் தொப்பியில் இடிப்பார்கள். ஹொசோயாவின் இரும்புத் தொப்பியில்தான் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள், அது அடுப்பிலேயே இருக்கிறது. பூட்ஸ் மக்கிப்போய் எத்தனையோ மாசம். ஹொசோயா குழியின் தரையை உள்ளங்கையால் தடவினான். இந்தப் பக்கம் தடவினான், அந்தப் பக்கம் தடவினான், தேசிங்குவின் காலை நகர்த்திவிட்டு அடியில் தடவினான். எல்லாம் களிமண், வெண்ணெய் மாதிரி. அவன் நிமிர்ந்து, கைதிகளிடமிருந்து பொறுக்கிச் சேர்த்த தமிழில் கேட்டான்.

"பாறை எங்கே?"

"இல்ல," என்றான் தேசிங்கு.

"அன்னைக்கு, பாறை."

"பொய் சொன்னேன்."

ஹொசோயா அவனைப் பார்த்தான், இடுப்பளவுக் குழியை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தான், ஆட ஆரம்பித்தான். குளிர் திரும்பிவிட்டது என்றுதான் தேசிங்கு நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, சிரிக்கிறான். பல்பொடி வியாபாரி அவன், ஊரில். அதைச் சொல்ல முதல் வருஷம் அவன் விரலால் பல்லைத் தேய்த்துத் தேய்த்துக் காட்ட, பாவம் பல்வலி என்று நினைத்து தேசிங்கு உப்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். இப்போது அந்த வியாபாரியின் வாயில் முன்பல் ரெண்டுதான் பாக்கி. அந்த ரெண்டும் தெரியச் சிரித்துவிட்டு, ஊசி உருவாத குண்டைக் குழியின் மூலையில் களிமண்ணுக்குள் அமுக்கினான், கிழங்கு நடுகிற மாதிரி மேலே மண்ணைத் தள்ளி ஒரு தட்டும் தட்டினான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். தேசிங்கு அந்த மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தான். அந்தக் குழியில் அது ஒரு முழம்.

கப்பல்கள் சுடுவது நின்றது. நின்றது நல்லதில்லை. சுடும்போது குண்டுக்கு மட்டும் பயந்தால் போதும். இப்போது புல் அசைகிற சத்தத்துக்கெல்லாம் பயப்பட வேண்டியிருந்தது. தேசிங்கு கிழங்குக் கொடியை இழுத்துக் குழிக்கு மேலே போர்வையாக விரித்துக்கொண்டு, அதன் ஓட்டை வழியாகப் பார்த்தான். பூட்ஸ் சத்தம். பேச்சுச் சத்தம், மூக்கால் பேசுகிற மாதிரி ஓர் இங்கிலீஷ், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கால்கள் போயின, வந்தன, போயின. அதில் ஒரு ஜோடி மட்டும் பிரிந்து குழியை நோக்கி வந்து, கையெட்டும் தூரத்தில் நின்றது. இதுதான். இதுக்குத்தான் இத்தனை பாடம். வீ ஆர், இல்லை, வீ வேண்டாம், பிரெண்ட், பிரெண்ட் என்றே ஆரம்பிப்போம் என்று வாயைத் திறந்தான், அந்த ஆள் பட்டனைக் கழற்றி மூத்திரம் பெய்ய ஆரம்பித்தான். தேசிங்கு வாயை மூடிக்கொண்டான். ஒண்ணுக்குப் போகிறவனிடம் பேச்சுக் கொடுப்பதாவது. முடிக்கட்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். கொடி மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது, அதையும் பொறுத்துக்கொண்டான். அந்த ஆளும் அவசரப்படவில்லை, எங்கிருந்தோ தேக்கி வைத்திருந்தவன் போல நின்று நிதானமாகப் பெய்தான், நடுவில் சீட்டி வேறு. பட்டன் போடட்டும் என்று தேசிங்கு காத்திருக்க, பட்டன் போடும்போதே அவனை யாரோ கூப்பிட, ஓடிப்போய்விட்டான். திரும்பின முகமும் திறந்த வாயுமாக தேசிங்கு பார்த்தபோது புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

யுத்தம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. இப்படியும் நடக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிடிக்கப்படவும் இல்லை, விடப்படவும் இல்லை, சுடக்கூட ஆள் இல்லை. மலைப்பக்கம் துப்பாக்கிகள் பொரிகிற சத்தம் கேட்டது. முன்னால் போன ஆஸ்திரேலியாக்காரர்களைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடினால் திரும்பிப் பார்த்துச் சுடுவார்கள். அவர்கள் வந்த வழியே கீழே போனால்? எந்தப் பட்டாளமானாலும் சுடுகிறவன் முன்னால் போவான், சோறு ஆக்குகிறவன் பின்னால் இருப்பான்; சோறு ஆக்குகிறவனுக்குச் சுடுவதில் அவ்வளவு ஆர்வம் இருக்காது. இந்த யோசனை அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சீக்கிரம் வந்ததே என்று. ஹொசோயாவைப் பார்த்தான். கண்மூடி, வாய் திறந்து, ஈ உட்கார்ந்திருந்தது. அப்புறம் கொடியை விலக்கிக்கொண்டு ஏறி, கிழங்கு வயலில் நடக்க ஆரம்பித்தான். அவன் யார் எனக்கு. அறைந்தவன். கிழங்கை எண்ணி எண்ணிக் கொடுத்தவன். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது எண்ணாமல் கொடுத்தவனும் அவன்தான், அது கிடக்கட்டும், அதை இப்போது யார் கேட்டார்கள். கடல் தெரிந்தது. அவ்வளவு வெயிலில், அவ்வளவு வெட்டவெளியில், சுதந்திரமாக நடக்கக் கால் கூசியது. பின்னாலிருந்து மெலிதாக ஒரு குரல், "தேசிங்கு" என்றது.

"ஹை!" என்றான் அவன், கையைத் தொடையில் ஒட்டி, வயலின் நடுவில் விறைத்து நின்று.

சீ என்று போயிற்று. சுற்றிலும் ஒரு காக்கை குருவி இல்லை, இருந்தாலும் வெட்கமாக இருந்தது. கேட்காத மாதிரி போயிருக்கலாம், காது அடைத்துக்கொண்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கலாம். இப்போது பதில் சொல்லியாகிவிட்டதே. பதில் சொல்லிவிட்டு எப்படிப் போவது? போளூரில் ஒருத்தன் கூப்பிட்டு, நீ ஏன் என்று பதில் குரலும் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனால் அவனை மனுஷ ஜாதியில் சேர்ப்பார்களா? திட்டிக்கொண்டே திரும்பி நடந்தான். குழிக்குள்ளிருந்து ஹொசோயா அண்ணாந்து பார்த்து, போ, நீ போ என்று கையால் காட்டினான். அதற்கா கூப்பிட்டான், போ என்று சொல்வதற்கா? தேசிங்குவுக்கு வந்த கோபத்தில் இன்னொரு அறை விடலாம் போலிருந்தது, விட்டால் இந்தத் தடவை ருசித்திருக்கும்.

"சொம்மா வாயை மூடிகினு ஏறு," என்று முதுகைக் காட்டிக் குனிந்தான்.

எலும்பும் காய்ச்சலும்தான், எடை ஒன்றுமில்லை, ஆனால் சுடச்சுட அடுப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது சேறு வழுக்கியது. ஹொசோயாவின் தாடை அவன் தோளில் இடித்து இடித்துத் தாளம் போட்டது. பாதி வழியில்தான் தேசிங்குவுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது: இரண்டு கையும் ஹொசோயாவின் முழங்காலுக்கடியில் இருக்கின்றன, யாராவது எதிரே வந்தால் கையை எப்படித் தூக்குவது? நின்று ஒருதரம் தூக்கிப் பார்த்தான், ஹொசோயா சறுக்கி இறங்கினான், மறுபடி ஏற்றிக்கொண்டான். அப்படியானால் வார்த்தைதான் கதி. வீ. இப்போது வீ பொருந்துகிறது, இரண்டு பேர் இருக்கிறோம், ஆனால் பிரிட்டிஷ் இண்டியன் இடிக்கிறது, பாதிதான் உண்மை, கீழே இருக்கிற பாதி. ஆஃப் என்றால் பாதி என்று அவில்தார் சொன்ன ஞாபகம், ஆஃப் வார் என்றால் பாதிச் சண்டையா, அப்படித்தான் இருக்க வேண்டும், அதுவும் சரிதான். இதே யோசனையில் தென்னை மரங்களுக்கு நடுவே திரும்பியவன் கிட்டத்தட்ட அடுப்பை மிதித்திருப்பான்.

மூன்று கல், நெருப்பு, மேலே தகர டப்பா. பக்கத்தில் செம்பட்டை மீசைக்காரன் ஒருத்தன், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெந்துபோன பாதங்களை வெயிலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் துப்பாக்கி எட்டாத தூரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். புதரிலிருந்து ரெண்டு தலையும் நாலு காலும் சேறுமாக ஏதோ ஒன்று வந்து நிற்கிறது, மேல்தலையில் ஜப்பான் தொப்பி. அவன் துப்பாக்கியைப் பார்த்தான், தன் பாதங்களைப் பார்த்தான், மெல்ல இரண்டு கைகளையும் தூக்கினான். அதைப் பார்த்ததும் தேசிங்குவின் தலைக்கு மேலே ஹொசோயாவும் நடுங்கிக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கினான். கை தூக்காமல் நின்றது தேசிங்கு ஒருத்தன்தான். எதிரி தன்னிடம் சரணடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெங்களூரில் கட்டாயம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அன்றைக்கு அவன் பள்ளம் தோண்டப் போயிருப்பான். வீ, பிரெண்ட், டோண்ட், எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. யாரும் அசையவில்லை. டப்பாவுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது, நுரை விளிம்புக்கு ஏறியது, ஏறி, நெருப்பில் வழிந்து சுர்ரென்றது.

"சார், டீ பொங்குது," என்றான் தேசிங்கு.

மீசைக்காரன் டப்பாவைப் பார்த்தான். இவர்களைப் பார்த்தான். மறுபடியும் டப்பாவைப் பார்த்தான். ஒரு கையை இறக்கினான், யாரும் ஒன்றும் சொல்லாததால் மற்றதையும் இறக்கி, தொப்பியைக் கழற்றி அதால் டப்பாவைப் பிடித்து இறக்கி வைத்தான். பிறகு என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு குவளையில் ஊற்றி, எழுந்து, வெறும் காலோடு நொண்டிக்கொண்டு வந்து நீட்டினான். தேசிங்குவுக்குக் கை காலியில்லை. தூக்கின கைகளோடு இருந்த ஹொசோயாதான் வாங்கிக்கொண்டான். அவன் முதல் மடக்கைக் குடித்துவிட்டு, முன்னால் குனிந்து, குவளையை தேசிங்குவின் வாயருகே கொண்டுவந்து சாய்த்தான். கை நடுங்கியதில் நிறையவே சாய்ந்துவிட்டது. சர்க்கரை போட்ட டீ, கொதிக்கக் கொதிக்க. நாக்கு முழுக்க வெந்துபோயிற்று. இனிமேல் ரெண்டு மூன்று நாளைக்கு எந்த பாஷையும் பேச வேண்டியதில்லை என்று தோன்றியபோது, தேசிங்குவுக்கு அப்பாடா என்றிருந்தது.